அலமாரியிலிருந்து மறையும் நூல்கள்: அமெரிக்காவின் இருநூறாண்டு வழக்கு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லானோ என்றொரு சிறிய மாவட்டம் உண்டு. அங்குள்ள பொது நூலகங்களிலிருந்து 2021ஆம் ஆண்டு தொடங்கி 17 நூல்கள் அகற்றப்பட்டன. அவற்றுள் சிறுவர்களுக்கான வேடிக்கைக் கதைகள் இருந்தன. பதின்ம வயதினருக்கான பாலியல் கல்வி நூல் இருந்தது. கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கும்பலின் வரலாற்றைச் சொல்லும் நூலும் இருந்தது. இசபெல் வில்கர்சன் 2020இல் வெளியிட்ட 'காஸ்ட்' என்ற நூலும் அப்பட்டியலில் இருந்தது. அமெரிக்காவின் நிறவேற்றுமையை இந்தியாவின் சாதி முறையோடு ஒப்பிட்டு ஆராயும் நூல் அது.

இந்நடவடிக்கையை எதிர்த்து அவ்வூர் வாசகர்கள் எழுவர் 2022இல் வழக்குத் தொடுத்தனர். நூல்களைத் திரும்ப வைக்க வேண்டும் என்று 2023இல் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றியது. நூலகம் ஒரு நூலை அகற்றினால், அதை எதிர்த்து வழக்காட வாசகருக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்று 10க்கு 7 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. டிசம்பர் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்தது. எனவே டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி ஆகிய மூன்று மாநிலங்களிலும் இப்போது அத்தீர்ப்பே நிலைக்கிறது.

பேச்சுரிமையைத் தன் அரசியலமைப்பின் முதலாம் திருத்தத்திலேயே 1791இல் எழுதி வைத்த நாடு அமெரிக்கா. 2026 ஜூலை 4ஆம் நாள் அதன் விடுதலைப் பிரகடனத்திற்கு 250 ஆண்டு நிறைகிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு சிற்றூர் நூலகத்தின் 17 நூல்கள் ஏன் உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை செல்ல வேண்டும்?

இதை இன்றைய கட்சி அரசியலின் விளைவாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இந்த வழக்கின் வேர், அந்நாட்டு இலக்கியமும் வரலாறும் பின்னிக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது.

படிப்பதே குற்றமாக இருந்த காலம்

1831இல் வர்ஜீனியா மாநிலத்தில் நாட் டர்னர் என்ற அடிமை ஒரு கிளர்ச்சியை நடத்தினார். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். விவிலியத்தை ஆழ்ந்து வாசித்தவர். அதையொட்டிய ஆண்டுகளில் தென் மாநிலங்கள் பலவும் அடிமைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின அல்லது இறுக்கின. 1835இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல் அஞ்சலகத்திற்குள் புகுந்தது. அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அனுப்பிய துண்டறிக்கைகளை அள்ளி வந்து தீயிட்டது.

அக்காலத்தில் பால்டிமோர் நகரில் அடிமையாக இருந்த சிறுவன் பிரெடரிக் டக்ளஸ். வீட்டு எஜமானி அவனுக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் தடுத்துவிட்டார், படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையே சிறுவனுக்குப் பாடமாயிற்று. தன்னைக் கட்டி வைத்திருக்கும் பூட்டின் சாவி எது என்று எஜமானரே காட்டிக் கொடுத்துவிட்டதாக அவன் உணர்ந்தான். தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். 1838இல் தப்பிய டக்ளஸ் 1845இல் எழுதி வெளியிட்ட தன்வரலாறு, இன்று அமெரிக்க இலக்கியத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

1852இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நூல் வடிவில் வந்தது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் சுமார் 3 லட்சம் படிகள் விற்றன. மேரிலாந்து மாநிலத்தில் சாமுவேல் கிரீன் என்ற கறுப்பினச் சமயப் போதகர் இருந்தார். அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர் அவர். 1857இல் அவர் வீட்டைச் சோதனையிட்டபோது இந்த நாவல் கிடைத்தது. நூலை வைத்திருந்த குற்றத்திற்காக அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1862இல், மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில்தான் விடுவிக்கப்பட்டார்.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒன்று விளங்கும். அமெரிக்காவில் வாசிப்பு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. யார் படிக்கலாம், எதைப் படிக்கலாம் என்ற கேள்வி, யார் முழு மனிதராக மதிக்கப்படுவார் என்ற கேள்வியோடு ஒட்டியே பிறந்தது. கறுப்பினத்தவர் எழுதிய நூல்களும் அவர்களைப் பற்றிய நூல்களும் அகற்றப்படும்போது அச்சமூகம் ஏன் அவ்வளவு கொதிக்கிறது என்பதற்கு இதுவே விடை.

இரு பக்கமும் அடிபட்ட நாவல்

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 1885இல் அமெரிக்காவில் வெளிவந்தது. குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பும் வெள்ளைச் சிறுவன் ஹக்கும், அடிமைத்தனத்திலிருந்து தப்பும் ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் ஒரே தெப்பத்தில் பயணம் செய்கிறார்கள். தப்பிய அடிமைக்கு உதவுவது பாவம் என்று ஹக்குக்குச் சமூகம் கற்றுக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, நண்பனைக் காட்டிக் கொடுக்கமாட்டேன் என்று அவன் முடிவெடுக்கிறான்.

நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் நகரப் பொது நூலகம் அதை விலக்கியது. நூல் முரட்டுத்தனமானது, நல்ல பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்பது நூலகக் குழுவின் கருத்து. எமர்சனும் தோரோவும் வாழ்ந்த ஊர் கான்கார்ட் என்பதை இலக்கிய மாணவர்கள் அறிவார்கள். ட்வைன் கலங்கவில்லை. இதனால் கூடுதலாக 25,000 படிகள் விற்கும் என்று தம் பதிப்பாளருக்கு எழுதினார். 1905இல் நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகமும் சிறுவர் பகுதியிலிருந்து நூலை எடுத்தது. ஹக் பொய் சொல்கிறான், ஒழுங்காகப் பேசத் தெரியாதவன் என்பதே அப்போதைய குறை.

1957இல் குறை வேறாயிற்று. நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்க, கீழ் இடைநிலைப் பள்ளிகளின் அங்கீகரிக்கப்பட்ட நூற்பட்டியலிலிருந்து அதை நீக்கியது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல் அந்நாவலில் 200 தடவைக்கு மேல் வருகிறது. 1982இல் வர்ஜீனியாவில் மார்க் ட்வைன் பெயரையே தாங்கிய ஒரு பள்ளியின் கறுப்பின நிர்வாகி, இந்நாவல் இனவெறி கொண்டது, வகுப்பில் வைக்கக்கூடாது என்று வாதாடினார். 2011இல் அலபாமாவின் ஒரு பதிப்பகம் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் 'அடிமை' என்று மாற்றி ஒரு பதிப்பையே கொண்டு வந்தது.

ஒரே நூல்தான். 19ஆம் நூற்றாண்டில் கண்ணியம் காக்க நினைத்தவர்கள் அதை விலக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டில் இனச் சமத்துவம் கோரியவர்கள் அதை விலக்கச் சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது நியாயமாகாது. முப்பது வெள்ளை மாணவர் நடுவே ஒரே ஒரு கறுப்பின மாணவி அமர்ந்திருக்க, அந்தச் சொல் வாய்விட்டுப் படிக்கப்படும்போது எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால், அந்த வேதனை உண்மையானது. இலக்கியத்தின் பெயரால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

நோபல் பரிசு பெற்ற கறுப்பின எழுத்தாளர் டோனி மோரிசன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முதன்முதலில் அந்நாவலைப் படித்தபோது தமக்கும் அச்சமும் கலக்கமும் ஏற்பட்டதாகச் சொல்கிறார். ஆனாலும், நூலைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவது பெரியவர்களைச் சமாதானப்படுத்துமே தவிர, பிள்ளைகளுக்கு எதையும் கற்பிக்காது என்பது அவர் கண்ட முடிவு. பின்னாளில் அவருடைய நாவல்களே இதே வழக்கில் சிக்கியது வரலாற்றின் முரண்.

நாவல் சுட்டதும் உள்ளூர் சிவந்ததும்

அகற்றக் கோருவோர் சொல்லும் காரணமும் உள்ளிருக்கும் காரணமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1939இல் ஜான் ஸ்டெயின்பெக் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நல்ல சான்று. ஒக்லஹோமாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கலிபோர்னியா வரும் ஏழை விவசாயக் குடும்பம் தோட்ட முதலாளிகளிடம் படும் பாட்டைச் சொல்கிறது அது. கதையில் அக்குடும்பம் சென்று சேரும் கெர்ன் மாவட்டம், அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே தன் நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதைத் தடை செய்தது. ஆபாசம் என்பதும் பொய் என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். ஆனால் நூல் சுட்டிக் காட்டியது அம்மாவட்டத்துப் பெருந்தோட்டக்காரர்களை. மாவட்ட நூலகர் கிரெச்சன் நீஃப் ஒரு கடிதம் எழுதித் தடையை எதிர்த்தார். தடை 1941இல்தான் நீங்கியது. அமெரிக்க நூலகச் சங்கம் தன் நூலக உரிமைச் சாசனத்தை ஏற்றுக்கொண்டதும் இதே 1939இல்தான்.

1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டக் கல்வி வாரியம் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை ஒழுக்கக்கேடானது என்று விலக்கியது. வெள்ளைப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின இளைஞனுக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞரின் கதை அது. பள்ளிகளில் நிறப்பிரிவினை ஒழிப்பு தென் மாநிலங்களைக் கொதிக்க வைத்த காலத்தில் எழுந்தது இந்தக் குற்றச்சாட்டு. ஹார்ப்பர் லீ உள்ளூர் நாளேட்டுக்கு நையாண்டியாக ஒரு கடிதம் எழுதி, வாரிய உறுப்பினர்களுக்கு எழுத்தறிவு ஊட்டும் செலவுக்கென்று சிறு தொகையையும் அனுப்பி வைத்தார்.

பதினேழு வயது மாணவர் தொடுத்த வழக்கு

பள்ளி நூலகம் பற்றிய முதல் பெரிய தீர்ப்புக்குக் காரணம் ஒரு மாணவர். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வட்டாரத்தின் வாரிய உறுப்பினர்கள் சிலர், 1975இல் ஒரு மாநாட்டில் ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியலைப் பெற்றனர். தங்கள் பள்ளி நூலகங்களில் அவை இருக்கின்றனவா என்று தேடினர். ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்', கர்ட் வோனெகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்', லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பினச் சிறுகதைகள் உட்பட ஒன்பது நூல்கள் அகற்றப்பட்டன. வாரியமே அமைத்த மறுஆய்வுக் குழு சில நூல்களைத் திரும்ப வைக்கலாம் என்று சொல்லியும் வாரியம் பெரும்பாலும் கேட்கவில்லை.

அப்போது 17 வயதான ஸ்டீவன் பிக்கோ அப்பள்ளியின் மாணவர் மன்றத் தலைவர். அவரும் மேலும் நான்கு மாணவர்களும் வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1982இல் 5க்கு 4 என்ற வாக்கில் மாணவர் பக்கம் முடிந்தது. நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதிய கருத்தின் சாரம் இது: எந்த நூலை வாங்குவது, எதைப் பாடமாக வைப்பது என்பதில் கல்வி வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு நூலின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதை நூலக அலமாரியிலிருந்து அகற்றக்கூடாது.

இத்தீர்ப்பில் ஒரு பலவீனம் இருந்தது. மாணவர் பக்கம் வாக்களித்த ஐந்து நீதிபதிகளும் ஒரே காரணத்தை ஏற்கவில்லை. அதனால் பிரென்னனின் கருத்து கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் ஆகவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு லானோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புறந்தள்ள முடிந்தது இந்த ஓட்டையால்தான்.

2021க்குப் பின் எழுந்த அலை

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் பிடியில் இறந்ததை அடுத்து இனநீதிப் போராட்டங்கள் நாடெங்கும் வெடித்தன. இனவாத வரலாறு, பாலின அடையாளம் பற்றிய நூல்கள் பள்ளிகளில் கூடின. எதிர்வினையும் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து இணையம் வழி நடந்த வகுப்புகளைப் பெற்றோர் நேரில் கண்டதும், அரசியல்வாதிகள் பெற்றோர் உரிமை என்பதைத் தேர்தல் முழக்கமாக்கியதும் அதற்கு வலுவூட்டின. 2021 அக்டோபரில் டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சுமார் 850 நூல்களின் பட்டியலைப் பள்ளி வட்டாரங்களுக்கு அனுப்பி, இவை உங்களிடம் இருக்கின்றனவா என்று கேட்டார்.

2022 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் மெக்மின் மாவட்டக் கல்வி வாரியம், ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மாவுஸ்' என்னும் படக்கதை நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 10க்கு 0 என்ற வாக்கில் நீக்கியது. நாஜிகளின் யூத இனப்படுகொலையைச் சொல்லி 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற நூல் அது. சில வசைச் சொற்களும் ஓர் ஆடையற்ற படமும் காரணமாகக் காட்டப்பட்டன. செய்தி பரவியதும் அந்நூல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது.

பிறகு சட்டங்கள் வந்தன. புளோரிடாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் உள்ளடக்கம் என்று ஒருவர் ஆட்சேபித்தால் ஐந்து பள்ளி நாள்களுக்குள் நூலை எடுத்துவிட்டுத்தான் ஆய்வு தொடங்க வேண்டும். யூட்டா மாநிலத்தின் 2024ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, மூன்று பள்ளி வட்டாரங்கள் விலக்கினால் போதும். மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் அந்நூல் மறையும். மறுபுறம் இலினாய் மாநிலம் 2023இல் எதிர்த்திசையில் சட்டம் செய்தது. கருத்து வேறுபாட்டுக்காக நூல்களை அகற்றமாட்டோம் என்று உறுதி தராத நூலகங்களுக்கு மாநில மானியம் இல்லை.

எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்காவின் கணக்குப்படி 2023–24 பள்ளி ஆண்டில் 10,046 நூல் அகற்றல்கள் நிகழ்ந்தன. 2024–25இல் அது 6,870. இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆய்வுக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவையும் இதில் சேரும். ஒரே நூல் பல வட்டாரங்களில் அகற்றப்பட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணப்படும். கடையில் கிடைக்கும் நூலைத் 'தடை செய்யப்பட்ட நூல்' என்று சொல்வது மிகை என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற டிரம்ப் நிர்வாகத்தின் கல்வித் துறையும் நூல் தடை என்பதே கட்டுக்கதை என்று கூறி, அது தொடர்பான 11 புகார்களைத் தள்ளுபடி செய்தது. ஆனால் சில மாதங்களில் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம் தன் நூலகத்திலிருந்து 381 நூல்களை எடுத்தது. மாயா ஏஞ்சலோவின் புகழ்பெற்ற தன்வரலாறும் அதில் ஒன்று. கண்டனத்துக்குப் பிறகு பெரும்பாலானவை திரும்பின.

யார் ஆட்சேபிக்கிறார்கள் என்பது இன்னும் முக்கியமானது. 2024இல் வந்த ஆட்சேபங்களில் 72 விழுக்காடு அமைப்பு ரீதியான குழுக்களிடமிருந்தும் அரசுப் பொறுப்பில் உள்ளவர்களிடமிருந்தும் வந்தவை என்று அமெரிக்க நூலகச் சங்கம் கூறுகிறது. தனிப்பட்ட பெற்றோரிடமிருந்து வந்தவை 16 விழுக்காடு. 2021–22 பள்ளி ஆண்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை ஆராய்ந்த 'வாஷிங்டன் போஸ்ட்', அவற்றில் பாதிக்கும் மேல் வெறும் 11 பேர் கொடுத்தவை என்று கண்டறிந்தது. ஊரே எதிர்க்கிறது என்ற தோற்றத்தைச் சிலர் உண்டாக்கிவிட முடிகிறது.

பெற்றோர் தரப்பின் நியாயம்

இதற்காகப் பெற்றோர் எல்லாரையும் பிற்போக்காளர் என்று தள்ளிவிட முடியாது. மேரிலாந்தின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் ஓரினச்சேர்க்கையாளர், திருநர் பாத்திரங்கள் வரும் கதைநூல்கள் படிக்கப்பட்டன. முதலில் பிள்ளையை அவ்வேளையில் வெளியே அனுப்பப் பெற்றோருக்கு வாய்ப்புக் கொடுத்த பள்ளி நிர்வாகம், பிறகு அதை நிறுத்தியது. முஸ்லிம், கத்தோலிக்க, உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் சேர்ந்து வழக்காடினர். 2025 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற வாக்கில் பெற்றோர் பக்கம் நின்றது.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது கோரிக்கையை. நூலைப் பள்ளியிலிருந்து எடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைக்கு விலக்குத் தாருங்கள் என்றே கேட்டனர். தம் பிள்ளைக்காகப் பேசுவது ஒன்று. ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்காகவும் முடிவெடுப்பது வேறு. (இவ்விலக்குகள் பெருகினால் ஆசிரியர்கள் தொல்லை வேண்டாமென்று அந்நூல்களையே தொடமாட்டார்கள் என்று மாற்றுக் கருத்தெழுதிய நீதிபதிகள் எச்சரித்தனர். அதுவும் எண்ணிப் பார்க்க வேண்டியதே.)

டோனி மோரிசனின் 'பிலவட்' நாவலின் கதை இதற்கு எதிர்ப்புறம். 1856இல் கென்டக்கியிலிருந்து தப்பிய மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், பிடிபடும் வேளையில் தன் மகள் மீண்டும் அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று அவளைக் கொன்றாள். அந்த உண்மை நிகழ்ச்சியிலிருந்து பிறந்த இந்நாவல் 1988இல் புலிட்சர் பரிசு பெற்றது. வர்ஜீனியாவில் உயர்நிலை ஆங்கில வகுப்பில் படித்த தன் மகனை இந்நாவல் கலங்கடித்தது என்று ஒரு தாய் முறையிட்டார். அம்முறையீடு சட்ட மசோதாவாக வளர்ந்தது. 2016இலும் 2017இலும் ஆளுநர் அதை நிராகரித்தார். 2021 ஆளுநர் தேர்தலில் அந்தத் தாயே பிரசார விளம்பரத்தில் தோன்றினார். அவர் ஆதரித்த வேட்பாளர் வென்றார். பாலியல் உள்ளடக்கம் உள்ள பாடப்பொருளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2022இல் நிறைவேறியது.

நாவல் கலங்கடிக்கிறது என்பது உண்மை. அடிமைமுறை ஒரு தாயை எந்த நிலைக்குத் தள்ளியது என்பதை வாசகர் கலங்காமல் அறியவும் வழியில்லை.

பாடம் வேறு, அலமாரி வேறு

இந்த இருநூறாண்டு வழக்கைக் கவனித்தால், 'நூல் தடை' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு முடிவுகள் கலந்து கிடப்பது தெரிகிறது.

முதலாவது, எல்லா மாணவரும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடநூல் எது என்பது. இதில் தேர்வு தவிர்க்க முடியாதது. ஓராண்டில் நான்கைந்து நூல்களுக்குமேல் நடத்த முடியாது. 2022இல் வாஷிங்டன் மாநிலத்தின் மகில்டியோ பள்ளி வட்டாரம் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்தது. கோரிக்கை வைத்தவர்கள் ஆசிரியர்கள். கறுப்பினத்தவர் துயரை வெள்ளையர் கண் வழியாக மட்டுமே காட்டும் நாவல் இது என்பது அவர்கள் வாதம். விரும்பும் ஆசிரியர் தொடர்ந்து நடத்தலாம் என்று வாரியம் சொன்னது. நூல் எங்கும் போகவில்லை. கட்டாயம் மட்டும் போனது.

மலேசிய வாசகர்களுக்கு இங்கே 'இன்டர்லோக்' நினைவுக்கு வரும். ஐந்தாம் படிவ மாணவர்க்குக் கட்டாயப் பாடமாக வைக்கப்பட்ட அந்நாவலில் இருந்த சாதி இழிசொல்லை நம் சமூகம் எதிர்த்தது. 2011 இறுதியில் அது பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. தேர்வு எழுதுவதற்காக ஒரு மாணவன் தன்னை இழிவுபடுத்தும் சொல்லைக் கட்டாயம் படிக்க வேண்டுமா என்பதே அன்று எழுந்த கேள்வி. ஹக்கிள்பெரி ஃபின்னை எதிர்த்த கறுப்பினப் பெற்றோரின் கேள்வியும் அதுவே. ஆகவே இவ்வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்வது நமக்கு அவ்வளவு எளிதன்று.

இரண்டாவது, நூலக அலமாரி. அங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தேடி வருபவர் எடுத்துக்கொள்கிறார். வேண்டாதவர் கடந்து போகிறார். இங்கிருந்து ஒரு நூலை அகற்றுவது, அதைத் தேடி வரும் ஒருவரை வெறுங்கையோடு அனுப்புவதாகும். கடையில் வாங்கலாமே என்பது பணமும் வாகனமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும் பதில். சிற்றூர் ஏழை மாணவருக்கு நூலகம்தான் கடை. தன்னைப் போன்ற ஒருவரின் கதை உலகில் எழுதப்பட்டிருக்கிறது என்றே அறியாத பிள்ளை, அது காணாமல் போனதாகப் புகார் செய்யவும் முடியாது. அலமாரி இழப்பின் கொடுமை அதுதான்.

மூன்றாவது, ஒரு நூலை வைத்திருப்பதையே குற்றமாக்குவது. சாமுவேல் கிரீனுக்கு நடந்தது அது. இன்றைய அமெரிக்கா அந்த நிலைக்குப் போய்விட்டது என்பது மிகை. ஆனால் சில மாநிலங்களில், சிறாருக்குத் தீங்கான நூல் தந்ததாக நூலகரைக் குற்றவியல் வழக்கில் இழுக்க வழிசெய்யும் சட்டங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

இம்மூன்றையும் பிரித்துப் பார்த்தால் வாதம் தெளிவாகும். முதலாவதில் சமூகம் பேச வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் பங்கேற்க வேண்டும். இரண்டாவதில், நூலை முழுவதும் படித்தவர்கள் வெளிப்படையான நடைமுறை வழியாக முடிவெடுக்க வேண்டும்; ஒருவர் வெறுப்பு எல்லாருக்கும் சட்டமாகக்கூடாது. மூன்றாவதுக்கு இடமே இல்லை.

லானோ தீர்ப்பின் சிக்கல் இங்கேதான். நூல்களை நீக்கும் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை அது வாசகரிடமிருந்து எடுத்துவிட்டது. இனி அம்மாநிலங்களில் எஞ்சியிருக்கும் வழி வாக்குப்பெட்டி. அதில் வாக்களிக்கும் வயது இல்லாதவர்கள், இந்நூல்களால் மிகவும் பாதிக்கப்படும் மாணவர்கள்.

மாணவர் சும்மா இருக்கவில்லை

ஆனாலும் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. பென்சில்வேனியாவின் சென்ட்ரல் யார்க் பள்ளி வட்டாரத்தில், பன்முகத்தன்மை பற்றிய நூல்கள் அடங்கிய நீண்ட பட்டியல் ஒன்றை 2020இல் வாரியம் முடக்கியது. ரோசா பார்க்ஸ் பற்றிய சிறுவர் நூலும் அதில் இருந்தது. 2021 செப்டம்பரில் மாணவர்கள் தினமும் காலையில் பள்ளி வாசலில் பதாகை ஏந்தி நின்றனர். அந்த மாதமே வாரியம் முடிவைத் திரும்பப் பெற்றது. 2022இல் புரூக்ளின் பொது நூலகம் 13 முதல் 21 வயது வரையிலான எந்த அமெரிக்கருக்கும் இலவச மின்னூலக அட்டை வழங்கத் தொடங்கியது. 1905இல் ஹக்கைச் சிறுவர் பகுதியிலிருந்து வெளியேற்றிய அதே நூலகம் அது.

அமெரிக்க இலக்கியத்தைத் தேர்வுக்காகவோ விருப்பத்திற்காகவோ படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கையிலுள்ள நூலின் பின்னட்டையில் அது பெற்ற பரிசுகள் அச்சாகியிருக்கும். அது எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரால், என்ன காரணம் சொல்லி விலக்கப்பட்டது என்பதையும் தேடிப் பாருங்கள். அந்த ஊர் எதைக் கண்டு அஞ்சியது என்பது தெரியும்போது, அந்த நூல் எதைச் சொல்ல வந்தது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கலந்துரையாட மூன்று கேள்விகள்

1. ஓர் இழிசொல் வரும் பழைய நாவலைச் சொல்லை மாற்றிக் கற்பிப்பது நல்லதா, அப்படியே வைத்து விளக்கிக் கற்பிப்பது நல்லதா?

2. உங்கள் பள்ளியின் பாடநூல் தேர்வில் மாணவர் கருத்துக்கு இடம் இருக்க வேண்டுமா? எந்த வகுப்பிலிருந்து?

3. நூலகத்தில் ஒரு நூல் இருக்கக்கூடாது என்று நீங்களே கருதினால், அதற்கு என்ன அளவுகோல் வைப்பீர்கள்? அதே அளவுகோலை உங்களுக்குப் பிடித்த நூலுக்கும் பொருத்த ஒப்புவீர்களா?